காசிமேட்டுச் சுவரில் வவ்வால் மீன் கூட்டம்

8 அடி அகலம், 6 அடி உயரம். காசிமேட்டில் நான் கணக்கு டியூஷன் எடுக்கும் மாடியறையின் பின்சுவரில் காலியாகக் கிடந்த இடம் அவ்வளவுதான். அதை வவ்வால் மீன்களால் நிரப்ப வேண்டும் என்று பிள்ளைகளும் நானும் முடிவு செய்தோம். மீனுக்கும் மீனுக்கும் நடுவில் துளி இடமும் மிஞ்சக் கூடாது. ஒரு மீன் மேல் இன்னொரு மீன் ஏறவும் கூடாது. எல்லா மீனுக்கும் ஒரே அச்சு. டெசலேஷன் என்று சொல்வது இதைத்தான்.

இந்த வேலைக்கு ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கத்தரிக்கோல், அட்டை, ஸ்கேல், பொறுமை இருந்தால் போதும். ஆனால் ஒரு முடிவை மட்டும் முதலிலேயே எடுத்துவிட வேண்டும்: எந்த உருமாற்றம்? உருவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பல செய்முறைகளில் சொல்லித் தருகிறார்கள். எதையாவது வெட்டு, ஒட்டு, கிடைத்த வடிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அதில் ஒரு நாயோ பறவையோ தெரிகிறதா என்று தேடு. ஒரு மாலைப்பொழுது விளையாட்டுக்கு அது சரி. குறிப்பிட்ட ஒரு மீன்தான் வேண்டும் என்றால் அந்த வழி உதவாது. இந்தச் சுவரில் வேலை செய்து எனக்கு உறுதிப்பட்ட விஷயம், அந்த உயிரை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோமோ அதுதான் உருமாற்றத்தைத் தீர்மானிக்கிறது என்பது. எப்படி என்று சொல்கிறேன்.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். ஒரு முனையைச் சுற்றி வந்து சேரும் கோணங்கள் எல்லாம் சேர்ந்து 360 பாகை ஆக வேண்டும். சமபக்க முக்கோணம் 60, சதுரம் 90, ஒழுங்கு அறுகோணம் 120. இவை மூன்றும் 360-ஐ மீதமில்லாமல் வகுக்கும். ஒழுங்கு ஐங்கோணத்தின் 108 வகுக்காது. அதனால் எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமாக உள்ள ஒரே வடிவத்தால் தரையை மூட வேண்டுமென்றால் இந்த மூன்றும்தான். இவற்றில் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தில் வெட்டியதை இன்னொரு பக்கத்தில் ஒட்டினால் வடிவம் மாறும், பரப்பு மாறாது, நிரப்பும் குணமும் போகாது. வெட்டியதை அடுத்த பக்கத்துக்கு எப்படிக் கொண்டுபோகிறோம் என்பதுதான் உருமாற்றம். அப்படியே தள்ளிக்கொண்டு போனால் இடப்பெயர்வு. ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்பினால் சுழற்சி. கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றினால் பிரதிபலிப்பு. இடவலம் மாற்றிவிட்டு அதே கோட்டின் வழியே தள்ளினால் சறுக்குப் பிரதிபலிப்பு. தரை முழுக்க எல்லாத் திசையிலும் பரவும் கோலங்களை இந்த நான்கும் எப்படி ஆள்கின்றன என்று வகைப்படுத்தினால் மொத்தம் 17 வகைதான் தேறும். ரஷ்யாவின் ஃபெதரோவ் 1891-இல் இதை நிறுவினார். 1924-இல் கணித அறிஞர் போல்யா அதே 17-ஐ வேறு வழியில் கண்டெடுத்தார். பிள்ளைகளுக்கு இந்த 17 பெரிய ஆச்சரியம். உலகத்தில் எத்தனை சேலை பார்டர், எத்தனை தரை டைல்ஸ், எல்லாம் 17-க்குள் அடங்குமா என்று கேட்டார்கள். பார்டர் ஒரே திசையில் ஓடுவது, அதன் கணக்கு தனி. அதற்கு 7 வகை. தரையில் பரவுவதற்குத்தான் 17.

அட்டையில் மூன்று குழுவாகப் பிரித்து மூன்று முறையையும் செய்து பார்த்தோம். முதல் குழுவுக்கு இடப்பெயர்வு. இரண்டாம் குழுவுக்கு, ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் மையமாக வைத்து 180 பாகை சுழற்சி. மூன்றாம் குழுவுக்குச் சறுக்குப் பிரதிபலிப்பு.

இரண்டாம் குழுதான் முதலில் முடித்தது. காரணம் இருக்கிறது. அந்த முறையில் ஒரு பக்கத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் ஒட்டுறவு கிடையாது. பாதிப் பக்கத்துக்கு ஒரு வளைவு வரைந்து, நடுப்புள்ளியில் குண்டூசி குத்தி அரைச்சுற்றுத் திருப்பி மறுபாதியில் அதையே வரைந்தால் அந்தப் பக்கம் முடிந்தது. நான்கு பக்கத்தையும் நான்கு பேர் தனித்தனியாகவே செய்யலாம். செவ்வகம்தான் வேண்டும் என்றுகூட இல்லை. எந்தக் கோணல் நாற்கரத்தை எடுத்தாலும் சரி, நான்கு கோணங்களும் ஒரு முனையில் வந்து கூடி 360 ஆகிவிடும். நான்கு பக்கமும் நான்கு அளவில் உள்ள ஒரு அட்டைத்துண்டால் மேசையை முழுவதும் மூடிக் காட்டியபோது எட்டாவது படிக்கும் பிள்ளைகள் நம்பாமல் தாங்களே வெட்டிப் பார்த்தார்கள்.

மீனும் நன்றாகவே வந்தது. வரிசையாக அடுக்கி, கண் வரைந்து, சுவரில் ஒட்டிப் பார்த்தோம். கடலுக்குப் போகும் வீட்டுப் பையன் ஒருவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மிஸ், இதுல பாதி மீனு செத்துக் கெடக்குது."

180 பாகை திருப்பினால் தலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும், அது பரவாயில்லை. கூடவே முதுகு கீழே வந்து வயிறு மேலே போய்விடும். "உயிரோட இருக்கற மீனு எதுக்கு மிஸ் மல்லாந்துக்கும்? செத்தாதான் அப்டி மெதக்கும். எங்கப்பா பாத்தா திட்டுவாரு" என்றான். மற்ற பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். கணக்கில் ஒரு குறையும் இல்லாத வடிவம்தான். ஆனால் பாதி மீன் மல்லாந்து மிதக்கும் சுவரை எங்கள் தெருவில் யாரும் ரசிக்க மாட்டார்கள்.

அந்தப் பையன் சொன்னதிலிருந்துதான் விதி பிடிபட்டது. பக்கவாட்டில் பார்க்கும் உயிருக்கு மேல் கீழ் உண்டு: மீன், குதிரை, நடந்து போகும் மனிதர். இவற்றை இடவலமாக மாற்றலாம், தலைகீழாக்கக் கூடாது. ஆகவே இடப்பெயர்வும், நெடுக்குக் கோட்டை வைத்துச் செய்யும் சறுக்குப் பிரதிபலிப்பும்தான் பொருந்தும். மேலிருந்து பார்க்கும் உயிருக்கு மேல் கீழே கிடையாது: நண்டு, ஆமை, திருக்கை, பல்லி. தரையில் எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் அது உயிரோடுதான் இருக்கிறது. இவற்றுக்கு 60, 90, 120, 180 என்று எந்தச் சுழற்சியும் தகும். டச்சுக் கலைஞர் எஷர் (1898–1972) படங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் அவர் இதை எவ்வளவு கவனமாகக் கையாண்டிருக்கிறார் என்பது தெரியும். பல்லிகளை மேலிருந்து பார்த்தபடி வரைந்து, அறுகோணத்தில் சுழற்றினார். குதிரைவீரர்களைப் பக்கவாட்டில் வரைந்து, சறுக்குப் பிரதிபலிப்பால் ஒரு வரிசையை இடப்பக்கமும் அடுத்த வரிசையை வலப்பக்கமும் போகவிட்டார். ஸ்பெயினில் உள்ள அல்ஹாம்ப்ரா அரண்மனையின் ஓட்டு வேலைப்பாடுகளை அவர் 1922-இலும் 1936-இலும் போய்ப் பார்த்தார். அங்கே இருப்பவை நட்சத்திரங்களும் பட்டைகளும். உயிர்களைக் கொண்டுவந்து அந்த விதிக்குள் குடிவைத்தது எஷரின் பங்கு.

எங்களிடம் மிஞ்சியவை இரண்டு: முதல் குழுவின் இடப்பெயர்வு மீன், மூன்றாம் குழுவின் சறுக்கு மீன். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் மிகவும் ரசித்தேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மீன் இடப்பக்கம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வகத்தின் மேல்பக்கம்தான் முதுகு. தலைக்குப் பின்னால் முதுகு எழும்ப வேண்டும், வால் அருகில் உள்வாங்க வேண்டும். அதாவது மேல்கோட்டில் முன்பாதியில் ஒரு மேடு, பின்பாதியில் ஒரு பள்ளம். இடப்பெயர்வில் இந்தக் கோடு அப்படியே கீழ்ப்பக்கத்துக்கு வரும். மேலே மேடு இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, வயிற்றில், அதே மேடு உள்ளே ஏறும். முதுகு எழும்பும் இடத்தில் வயிறு ஒட்டிப்போகும். வால் அருகில் மெலிய வேண்டிய இடத்தில் அடிப்பக்கம் தொங்கும். உடம்பு முழுக்க ஒரே தடிமனில், வாழைப்பழம் போல வளைந்துகொண்டு போகும். முதல் குழு என்ன வரைந்தாலும் அதுதான் வந்தது. விலாங்குக்குச் சரி, வவ்வாலுக்குச் சரிப்படாது.

சறுக்குப் பிரதிபலிப்பில் மேல்கோடு இடவலம் மாறிக் கீழே வருகிறது. மேலே முன்பாதியில் இருந்த மேடு, கீழே பின்பாதிக்குப் போய் அங்கே உள்ளே ஏறுகிறது: வால்தண்டு மெலிகிறது. மேலே பின்பாதியில் இருந்த பள்ளம், கீழே முன்பாதிக்கு வந்து வெளியே தொங்குகிறது: வயிறு பருக்கிறது. முதுகுக்கு ஒரே ஒரு கோடு வரைந்தீர்கள், வயிறு தானாக வந்து சேர்ந்தது. மேடும் பள்ளமும் ஒரே அளவாக இருந்தால் முதுகும் வயிறும் ஒத்துப்போகும். வவ்வால் மீனின் உடம்பு கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது.

இன்னும் பக்கக் கோடுகள் பாக்கி. இடப்பக்கத்தில் மூக்கு வெளியே நீள வேண்டும். இடப்பக்கக் கோடு இடப்பெயர்வால் வலப்பக்கத்துக்குப் போகும்போது, அங்கே அதே மூக்கு உள்ளே குத்துகிறது. வால் இரண்டாகப் பிளக்கிறது. வவ்வாலின் வால் நன்றாகப் பிளந்த வால். முன்னால் போகும் மீனின் வால் பிளவுக்குள் பின்னால் வரும் மீனின் மூக்கு போய் உட்கார்ந்துகொள்ளும். இதை அட்டையில் நகர்த்திக் காட்டியபோது வகுப்பில் எழுந்த சத்தம் கீழே வலை சரிசெய்துகொண்டிருந்தவர்களை மேலே எட்டிப் பார்க்க வைத்தது.

மாதிரிக்கு, மார்க்கெட்டிலிருந்து ஒரு வவ்வாலை வாங்கி வந்து பாலித்தீன் கவர் மேல் கிடத்திச் சுற்றிக் கோடு போட்டோம். விற்ற அக்கா நான் மீனை அளந்து பார்ப்பதைக் கண்டு, "இன்னா கண்ணு, தைக்கப் போறியா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், வெள்ளை வவ்வாலைப் பக்கத்தில் வைத்துக் கருப்பு வவ்வாலையும் எடுத்துக் காட்டி, இரண்டுக்கும் செதிலும் துடுப்பும் எப்படி வேறு என்று விளக்கினார். சுவருக்கு எந்த இரண்டு நிறம் என்ற கேள்விக்கும் அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

அளவுகள் இவை. செவ்வகம் 24 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். மூக்கு 7 செ.மீ. நீட்டம், ஆகவே வால் பிளவின் ஆழமும் 7. முதுகு மேடு 4.5 செ.மீ., வால் பள்ளமும் 4.5. இப்போது மீனின் முழு நீளம் 24 + 7 = 31 செ.மீ. உடம்பின் அதிகபட்ச உயரம் 15 + 4.5 + 4.5 = 24. வால்தண்டின் தடிமன் 15 − 9 = 6. மேட்டின் உச்சி முன் முனையிலிருந்து 7 செ.மீ. தள்ளி, பள்ளம் பின் முனையிலிருந்து 7 செ.மீ. தள்ளி. உருவம் எவ்வளவு மாறினாலும் பரப்பு அதே 360 ச.செ.மீ.தான். சுவரில் 240-க்கு 180 செ.மீ. எடுத்துக்கொண்டால் ஒரு வரிசைக்கு 10, மொத்தம் 12 வரிசை, 120 மீன். 8-க்கு 6 அடியில் இது போக ஒவ்வொரு ஓரத்திலும் விரற்கடை மிச்சம் இருக்கிறது. அது கரைக்கு.

அட்டையில் வெட்டும்போது ஒரே ஒரு ஒழுங்கு முக்கியம். வெட்டிய துண்டைத் திருப்ப வேண்டுமா, வேண்டாமா என்பதைத் துண்டிலேயே எழுதிவிடுங்கள். பக்கத் துண்டைத் திருப்பக் கூடாது, தள்ள மட்டும் வேண்டும். மேல் துண்டை முன்பக்கம் பின்பக்கமாகப் புரட்ட வேண்டும். நாங்கள் அட்டையின் ஒரு முகத்துக்கு மட்டும் மஞ்சள் கிரேயான் பூசிக்கொண்டோம். பக்கத்தில் ஒட்டிய துண்டு மஞ்சளாகவும், கீழே ஒட்டிய துண்டு வெள்ளையாகவும் இருந்தால் சரி. மாதிரி முடிந்ததும் சார்ட் பேப்பரில் குறைந்தது நான்கு மீன் சுற்றிப் பாருங்கள், இரண்டு இப்படி, இரண்டு அப்படி. நான்கும் கூடும் முனையில் இடைவெளி தெரிந்தால் அட்டையை இழைத்துச் சரிசெய்ய வேண்டும். 1 மி.மீ. தவறு 10-வது மீனில் 1 செ.மீ. ஆகிவிடும்.

சுவருக்கான ஸ்டென்சிலுக்குப் பழைய எக்ஸ்ரே பிலிம் போல எதுவும் கிடையாது. நெஞ்சு எக்ஸ்ரேக்குப் பயன்படுத்தும் 14-க்கு 17 அங்குல பிலிமில் இந்த மீன் சுற்றிலும் கரை விட்டு உட்காரும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் பழைய பிலிமின் கறுப்புப் படலம் கழன்று வரும். கையுறை போட்டுக்கொண்டு பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை. பெயர் அச்சாகியிருக்கும் மூலையை முதலிலேயே வெட்டி எறிந்துவிடுங்கள். கண்ணாடி மேல் வைத்துப் புது பிளேடு போட்ட கட்டரால் வெட்டினால் வளைவு சுத்தமாக வரும். பிலிமைப் புரட்டிப் போட்டாலே எதிர்ப்பக்கம் பார்க்கும் மீன் கிடைக்கும், உண்மைதான். ஆனால் புரட்டும்போது மேல்முகத்தில் உள்ள ஈரப் பெயிண்ட் சுவரில் படும். அதனால் இரண்டு பிலிம் வெட்டி, ஒன்றில் "இடம்", இன்னொன்றில் "வலம்" என்று எழுதிக்கொண்டோம். செவ்வகத்தின் நான்கு முனைகளிலும் ஊசித்துளை. எவ்வளவு வெட்டி ஒட்டினாலும் அந்த நான்கு முனைகள் இடம் மாறாது என்பதால் அவைதான் ஸ்டென்சிலை நிறுத்தும் குறி.

சுவர் வேலைதான் அதிக நாள் பிடித்தது. கடலோரத்துச் சுவரில் உப்பு பூக்கும். ஈரம் செங்கலிலும் மணலிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் காற்றில் போய்விட, உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே இறங்கும். கம்பி பிரஷ்ஷால் காய்ந்த நிலையிலேயே தேய்த்து, தூளைக் கூட்டி அள்ளி வெளியே கொட்ட வேண்டும். மழைக்காலம் முடிந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பொரிந்த இடத்தைக் கொத்திப் பூசி, தண்ணீரில் கரையும் பிரைமர் அடித்தோம். ஈரம் வெளியேற வழி விடாத எனாமல் பெயிண்ட் இங்கே வேண்டாம். கொஞ்ச நாளில் தோல் தோலாக உரியும். எமல்ஷன் போதும்.

கொருக்குப்பேட்டையில் சுவர் எழுத்து எழுதும் அண்ணன் ஒருவர் கட்டம் போட உதவினார். டியூப் லெவலில் தண்ணீர் மட்டம் பிடித்து அடிக்கோடு, தூக்குக்குண்டு விட்டு நெடுக்குக்கோடு. மற்றதெல்லாம் நூல் அடித்தது. நூலுக்குக் காவி வேண்டாம், சாக்பீஸ் தூள் போதும் என்றார் அவர். வெளிர் நிறப் பெயிண்டுக்கு மேலே காவி தெரிந்துவிடுமாம். தரையும் கூரையும் மட்டமாக இருக்கும் என்று நம்பி அவற்றிலிருந்து அளக்காதீர்கள். எங்கள் அறையின் தரை ஒரு பக்கம் சரிந்தே இருந்தது.

கட்டத்தின் கோடுகள் எங்களுக்குத் தேவையில்லை, புள்ளிகள்தான் தேவை. எதிர்வீட்டு அக்கா மார்கழி முழுக்கத் தெருவை அடைத்துக் கோலம் போடுபவர். பிள்ளைகள் ஸ்கேலை வைத்துத் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு, 24 செ.மீ.க்கு ஒரு முடிச்சுப் போட்ட நூலைப் பிடிக்கச் சொல்லி வரிசையாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனார். ஓரப்புள்ளி 11, அடுத்த வரிசை 11, நேர்ப்புள்ளி. கோலத்துக்கும் இதற்கும் உறவு மேலோட்டமானது அல்ல. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி 1970-களிலேயே கோலங்களை எடுத்துக்கொண்டு, எந்த விதிகளால் அவை வளர்கின்றன என்று கணித இலக்கணமாக எழுதினார். நேர்ப்புள்ளியில் சதுரமும் செவ்வகமும் ஒளிந்திருக்கின்றன. சந்துப்புள்ளியில் முக்கோணமும் அறுகோணமும் ஒளிந்திருக்கின்றன. இதை அக்காவிடம் சொன்னபோது, "அது தெரியாமலா மா கோலம் போடறோம்?" என்றார்.

இனி பெயிண்ட். 120 மீனையும் தீட்ட வேண்டியதில்லை என்பதுதான் இந்தக் கலையின் பெரிய பரிசு. சுவர் முழுவதும் முதலில் வெள்ளை வவ்வாலின் வெளிர்சாம்பல் நிறத்தை இரண்டு கோட் அடித்துவிட்டோம். பிறகு செஸ் போர்டு கணக்கில் ஒன்று விட்டு ஒன்றாக 60 கருப்பு வவ்வால்களை மட்டும் ஸ்டென்சில் வைத்துத் தீட்டினோம். ஒற்றைப்படை வரிசையில் 1, 3, 5, 7, 9, "இடம்" பிலிம். இரட்டைப்படை வரிசையில் 2, 4, 6, 8, 10, "வலம்" பிலிம். கருப்பு மீன்களுக்கு நடுவே மிஞ்சும் இடம்தான் வெள்ளை மீன்கள். முதல் இரண்டு வரிசை வரைக்கும் கருப்பு மட்டும் தெரியும். மூன்றாவது வரிசை போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பெண், யாருமே வரையாத ஒரு வெள்ளை வவ்வாலைக் கண்டுபிடித்து விரலால் அதன் ஓரம் முழுக்கத் தடவிக் காட்டினாள்.

முழுக் கருப்பு சுவரில் ஓட்டை போலத் தெரியும் என்று எழுத்து அண்ணன் சொல்லி, கருப்பு ஸ்டெய்னரோடு நீலமும் கொஞ்சம் வெள்ளையும் கலந்து கொடுத்தார். "பிரஷ் வேணாம் டீச்சர், ஸ்பாஞ்சால ஒத்துங்க. ஒத்தறதுக்கு முன்னாடி பேப்பர்ல ரெண்டு தடவ ஒத்தி எடுத்துடுங்க" என்பது அவர் பாடம். ஸ்பாஞ்சில் பெயிண்ட் அதிகமானால் பிலிமுக்கு அடியில் கசியும். கசிந்தால் அது பக்கத்து மீனின் இடம். இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் நான்கு துளையும் நான்கு புள்ளியில் இருக்கிறதா என்று பிடிக்க, இன்னொருவர் ஒத்தினார். நான்கு மீன் கூடும் முனைகளில் கருப்பும் கருப்பும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்ளும். அங்கே ஒரு நூலளவு விட்டுவிட்டு, காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் முடித்தோம். கண், செவுள் கோடு, பக்கத் துடுப்பு மூன்றும் கையால் வரைந்தவை. இந்த மூன்றைத் தவிர வேறு அலங்காரம் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். செதில், பொட்டு, கோடு என்று நிரப்பினால் வடிவத்தின் ஓரம் மங்கிவிடும். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்த ஓரம்தான் இங்கே அழகு.

ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிலிமைப் பாதி டேப்பின் மேலும் பாதி சுவரின் மேலும் வைத்து ஒத்தினோம். இடப்பக்கம் பார்க்கும் வரிசைகளில், இட ஓரத்தில் மூக்குகள் வெட்டுப்படும். வல ஓரத்தில் வால் பிளவுகளுக்குள் அடுத்த மீன்களின் மூக்கு மட்டும் எட்டிப் பார்க்கும். வலப்பக்கம் பார்க்கும் வரிசைகளில் இது அப்படியே மாறி வரும். மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் இப்படியே வெட்டுப்படும். முழு மீனோடு நிறுத்தி ஓரத்தைப் பல் பல்லாக விடலாம் என்று சிலர் சொன்னார்கள். வெட்டுப்பட்ட ஓரம்தான் நல்லது என்பது என் கருத்து. கூட்டம் சுவரோடு முடியவில்லை, இன்னும் போகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

செங்கல் அடுக்குவது போல ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையைப் பாதி தள்ளிப் போடலாமா என்று ஒரு கேள்வி வந்தது. இந்த அச்சை அப்படியே தள்ளினால் மேடும் பள்ளமும் பூட்டிக்கொள்ளாது, முதுகுக் கோட்டைப் புதிதாக வரைய வேண்டும். அப்படி வரைந்தால் போடலாம், ஆனால் அப்போது முனையில் நான்குக்குப் பதில் மூன்று மீன்கள் கூடும். மூன்றும் ஒன்றையொன்று தொடுவதால் இரண்டு நிறம் போதாது, மூன்று வேண்டும். பாதி மீனைத் தீட்டி மீதியை இலவசமாகப் பெறும் வழியும் போய்விடும்.

மேலிருந்து பார்க்கும் உயிர் ஒன்றையும் செய்து பார்க்காமல் பிள்ளைகள் விடவில்லை. பங்குனி ஆமையைத் தேர்ந்தெடுத்தார்கள். முட்டையிட நம் கரைக்கே வரும் ஆமை. இதற்குச் சந்துப்புள்ளி. புள்ளிக்குப் புள்ளி 10 செ.மீ. என்றால் வரிசைக்கு வரிசை 8.66 செ.மீ. விட்டால்தான் முக்கோணம் சமபக்கமாகும். ஒரு புள்ளியை நடுவில் வைத்துச் சுற்றியுள்ள ஆறு புள்ளிகளைச் சேர்த்தால் அறுகோணம். முனைகளுக்கு வரிசையாக 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். 1–2 பக்கத்தில் வரைந்த கோட்டை 2-ஐ மையமாக வைத்து 120 பாகை திருப்பி 2–3 பக்கத்தில் போடுங்கள். 3–4-ஐ 4-ஐச் சுற்றி 4–5-க்கு. 5–6-ஐ 6-ஐச் சுற்றி 6–1-க்கு. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு மேடும் ஒரு பள்ளமும் வைத்தால் சுற்றிலும் ஆறு நீட்டல்கள் கிடைக்கும்: தலை, வால், நான்கு துடுப்பு. ஆறும் ஒரே பக்கமாகக் கொஞ்சம் ஒடிந்திருக்கும், நீந்தித் திரும்பும் ஆமையின் சாயல். இதில் புரட்டுவதே கிடையாது என்பதால் ஒரே பிலிம் போதும். நிறம் மட்டும் மூன்று.

ஐங்கோணத்தை நான் ஒதுக்கியது ஒரு பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. ஒழுங்கற்ற ஐங்கோணம் நிரப்பாதா என்று கேட்டாள். நிரப்பும். உள்ளே குழியாத ஐங்கோணங்களில் அப்படி நிரப்புபவை 15 வகை. அவற்றில் நான்கை 1970-களில் கண்டுபிடித்தவர் மார்ஜரி ரைஸ், அமெரிக்காவில் சான் டியேகோவைச் சேர்ந்த இல்லத்தரசி; பள்ளிக்கு மேல் கணிதம் படிக்காதவர். கடைசி வகை 2015-இல் கிடைத்தது. 2022 இறுதியில் இங்கிலாந்தின் டேவிட் ஸ்மித், அச்சகத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அட்டையை வெட்டி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது 13 பக்கம் கொண்ட ஒரு வடிவத்தைப் பிடித்தார். அது தளத்தை முழுவதும் நிரப்பும், ஆனால் எந்தக் காலத்திலும் ஒரே ஒழுங்கில் திரும்ப வராது. அதை அடுக்கும்போது சில துண்டுகளைப் புரட்டிப் போட்டாக வேண்டும். 2023-இல் அது வெளியான சில வாரங்களிலேயே புரட்டாமல் நிரப்பும் இன்னொரு வடிவமும் அவரிடமிருந்தே வந்தது. "இடம்", "வலம்" என்று எழுதிய இரண்டு பிலிம்களைக் கையில் வைத்திருந்த பிள்ளைகளுக்கு, புரட்ட வேண்டுமா வேண்டாமா என்பது ஏன் அவ்வளவு பெரிய கேள்வி என்று தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுவருக்கு மேலே வார்னிஷ் எதுவும் பூசவில்லை. ஈரம் போய்வர வழி இருக்கட்டும். அடியில் இரண்டு வரிசையில் உப்பு மறுபடி எட்டிப் பார்த்தால் அந்த இடத்தைத் தேய்த்து, வெளிர்சாம்பல் அடித்து, புள்ளியில் பிலிமை வைத்து ஒத்திவிடலாம். அதற்காக இரண்டு நிறத்திலும் கால் லிட்டர் டப்பாவில் மூடி வைத்திருக்கிறோம். ஊசித்துளைகள் வைத்த புள்ளிகளை அழிக்காமல் பென்சிலில் மெல்லிசாக விட்டிருக்கிறோம். இதே அச்சைச் சின்னச் சுவரில் போட நினைப்பவர்கள் எல்லா அளவையும் பாதியாக்கிக்கொள்ளலாம்: 12-க்கு 7.5, மூக்கு 3.5, மேடும் பள்ளமும் 2.25. அதற்கும் கீழே போனால் வால்தண்டு 3 செ.மீ.க்கும் குறைந்து, ஸ்பாஞ்ச் ஒத்தும்போது பிலிமின் குறுகிய நாக்குகள் தூக்கிக்கொள்ளும்.